பாஸ்போர்ட் இல்லாத அம்மா, நாளையோடு முடியும் சேல் டிக்கெட்: மலேசியா, சிங்கப்பூர் போக எதை முதலில் செய்வது?

மஞ்சக்குப்பம்_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், ஏழு வயசுப் பையன், என் அம்மா, மாமனார் என்று ஐந்து பேர். என் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஒர்க் பெர்மிட். அவன் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அவன் இருக்கிற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியே மலேசியாவில் பத்துமலை முருகனையும் பார்த்துவிட்டு வரலாம் என்று மாமனார் சொல்கிறார்.

நேற்று ராத்திரி ஒரு ஏர்லைனில் சேல் போட்டிருக்கிறார்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போக வர ஐந்து பேருக்கும் நாற்பத்தெட்டாயிரம். நாளை நள்ளிரவோடு முடிகிறது. டிசம்பர் அரையாண்டு லீவுக்கு இப்போதே போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

எங்கள் நிலவரம் இதுதான். அம்மாவுக்கும் பையனுக்கும் பாஸ்போர்ட்டே இல்லை. மாமனாருடையது அடுத்த மே மாதம் முடிகிறது. என்னுடையது ஃபெஞ்சல் புயலில் பீரோவோடு நனைந்துவிட்டது, காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். சீட்டு எடுத்த பணம், நகைக்கடன் திருப்பியது போக மிச்சம், எல்லாம் சேர்த்து கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் புரட்ட முடியாது. டிக்கெட்டைப் போடலாமா?

கெடிலக்கரை

தங்கச்சி, போடாதே. சேல் முடிந்தால் முடியட்டும், அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

புதுச்சேரியில் பதினோரு வருஷம் டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போட்டவன் நான். நீ எழுதினதைப் படித்தபோது, அழுதுகொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்த எத்தனையோ குடும்பங்கள் ஞாபகத்துக்கு வந்தன. சேல் டிக்கெட்டை ரத்து செய்தால் அநேகமாக ஏர்போர்ட் வரி மட்டும்தான் திரும்பும். ஆள் பெயரை மாற்ற விடமாட்டார்கள், எழுத்துப் பிழையைத் திருத்தவும் பல இடங்களில் காசு. உன் அம்மாவின் பாஸ்போர்ட்டில் என்ன பெயர், என்ன எழுத்தில் வரப்போகிறது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அப்புறம் எந்தப் பெயரில் டிக்கெட் போடுவாய்?

மாமனார் விஷயம். மலேசியா, சிங்கப்பூர் இரண்டுக்கும் உள்ளே போகிற நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் போனால் மே மாதத்துக்கு ஐந்து மாதம்தான் இருக்கும். திருச்சியிலேயே போர்டிங் பாஸ் தரமாட்டார்கள். முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால் இப்போதே போட்டுவிடுங்கள்.

செலவு: பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய். புதிதாக எடுக்கிறவருக்கு 60 வயசு தாண்டியிருந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. பையனுக்கு 1,000, எட்டு வயசுக்குள் என்பதால் அவனுக்கும் அதே பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. அவனுடையது ஐந்து வருஷம்தான் செல்லும், அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டும். அவசரம் என்று தத்காலில் போனால் தலைக்கு 2,000 கூடுதல். நாலு பேருக்கு எட்டாயிரம். கையில் ஐந்து மாதம் இருக்கும்போது அதை ஏன் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கென்றே போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன, அதே நிறம், அதே சின்னம். வெளியுறவுத் துறையின் தள முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும். அதைப் பார்த்துவிட்டு மட்டும் பணம் கட்டு.

நனைந்த பாஸ்போர்ட்டைப் பற்றி லாஸ்பேட்டை ஐயா எழுதுவார் என்று நினைக்கிறேன்.

லாஸ்பேட்டை_வாத்தியார்

எழுதுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு பறந்து, மர அலமாரியில் இருந்த எல்லாம் நனைந்தது. பாஸ்போர்ட்டை மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவைத்தேன். பக்கங்கள் அலை அலையாக இருந்தன, எழுத்து எதுவும் அழியவில்லை. போதும் என்று நினைத்துவிட்டேன். அடுத்த ஆண்டு நானும் என் மனைவியும் கொழும்பு போகச் சென்னை விமான நிலையத்தில் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் என் புகைப்படம் உள்ள பக்கத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தாள் ஒரு மூலையில் கொப்பளித்து எழும்பியிருந்தது. அவள் நகத்தால் அதை மெல்ல நெருடினாள், அது இன்னும் கொஞ்சம் எழும்பியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் இரண்டே வார்த்தை சொன்னார், "சேதமான பாஸ்போர்ட்". எங்களை அனுப்பி, அந்த நாட்டில் திருப்பி அனுப்பினால் செலவு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அவர்கள் மேல் பிழையில்லை. என் மனைவி தள்ளுவண்டியில் இருந்த பெட்டியின் மேல் கை வைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றாள். அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அம்மா செல்வி, காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சேதமானதற்கு மாற்றாக 36 பக்கப் புத்தகம் எடுக்க 3,000 ரூபாய். வலிக்கும். ஆனால் அதைக் கட்டிவிடுங்கள். இப்போது தருவது சிப் வைத்த இ-பாஸ்போர்ட். வந்ததும் ஐந்தையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான பரணில் வையுங்கள். தென்பெண்ணையும் கெடிலமும் ஓடுகிற ஊரில் இருக்கிறீர்கள், ஐப்பசி கார்த்திகை வந்தால் தண்ணீர் எந்த வாசலில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மஞ்சக்குப்பம்_செல்வி

ஐயா, படித்துவிட்டு உடனே எடுத்துப் பார்த்தேன். என்னுடையதிலும் ஒரு ஓரம் எழும்பித்தான் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டோம்.

இப்போது அம்மா பெயர். ஆதாரில் அஞ்சலை. வோட்டர் கார்டில் அஞ்சலாட்சி. வங்கிப் புத்தகத்தில் கே. அஞ்சலை, அதுவும் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஒய். அப்பா இறந்துவிட்டார். கே என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. வயசு 58. சர்நேம் என்ற கட்டத்தில் என்ன போடுவது?

கெடிலக்கரை

இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் பணம் இழக்கிறார்கள்.

முதலில் ஆதார். அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே தடவை. எனவே ஆதாரைத் தொடாமல் மற்றவற்றை அதற்குக் கொண்டுவா. அம்மாவை எல்லோரும் அஞ்சலை என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆதாரும் அதுவே. வோட்டர் கார்டையும் வங்கியையும் அஞ்சலைக்கு மாற்று. ஆங்கில எழுத்து மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ் பற்றிப் பயப்படாதே. அது மட்டும்தான் செல்லும் என்ற விதி 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு. அம்மாவுக்கு வேறு ஆவணங்கள் போதும்.

இனிஷியல் பாஸ்போர்ட்டில் வராது. கே என்று எழுத முடியாது, முழுப் பெயராக விரிக்க வேண்டும், இல்லை விட்டுவிட வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, அஞ்சலை என்று மட்டும் எடுக்கலாம், சட்டப்படி தடையில்லை. ஆனால் 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சுற்றுலா விசாவில் வருகிற ஒற்றைப் பெயர்க்காரர்களைத் தடுக்கத் தொடங்கியது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று பிறகு ஒரு விளக்கம் வந்தது. இருந்தாலும் நாளைக்கு உங்களில் யாராவது துபாய் வேலைக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டால்? அம்மா தன் வீட்டுக்காரர் பெயரை, அதாவது உன் அப்பா பெயரை, சர்நேமில் போட்டுவிடுவதே நல்லது.

சொல்தா_பேத்தி

அண்ணா, ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்படவில்லை. வீட்டுக்காரர் பெயரை ஏன் போட வேண்டும்? அவர்களுடைய அப்பா பெயரைப் போடலாமே. அது எப்போதும் மாறாது. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் பிரெஞ்சு குடியுரிமை, பாதிப் பேர் இந்தியக் குடியுரிமை. என் அத்தை கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரை ஏற்றினார், பிரிந்த பிறகு மறுபடி மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பாஸ்போர்ட், வங்கி, விசா என்று எல்லாவற்றையும் புதிதாக ஓட்ட வேண்டியிருந்தது. முடிவை அவர்கள் அம்மாவிடமே கேளுங்கள் அக்கா. அவர்கள் பெயர்தானே.

கெடிலக்கரை

நீ சொல்வது சரி. நான் டிக்கெட் கவுண்டரில் இருந்துகொண்டே யோசித்துவிட்டேன். யார் பெயராக இருந்தாலும் சரி, ஒரு தடவை போட்டதை அப்படியே கடைசிவரை எல்லா இடத்திலும் போட வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பம்_செல்வி

அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார்கள். "உங்க அப்பா பேரு என்கூட வரட்டும்" என்றார்கள். அதையே போடுகிறேன்.

நெல்லிக்குப்பம்_ராஜா

அக்கா, இவ்வளவு சிரமம் எதற்கு? பேக்கேஜ் டூரில் போய்விடுங்கள். நாங்கள் போன வருஷம் அப்படித்தான் தாய்லாந்து போனோம். விசா, ஹோட்டல், வண்டி, இட்லி சாம்பார் முதற்கொண்டு எல்லாம் அவர்களே. வயசானவர்களோடு போகிறபோது நிம்மதி.

முதுநகர்_மீரான்

தம்பி சொல்வதில் ஞாயம் இருக்கிறது. மொழி தெரியாத ஊர் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் மா, நீ போகிறது உன் தம்பியைப் பார்க்க. பேக்கேஜில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏற்றினால் ராத்திரிதான் இறக்குவான். அம்மாவுக்கும் மகனுக்கும் உட்கார்ந்து பேச நேரம் எங்கே? அதுவுமில்லாமல் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வருமான வரிக் கணக்கில் மேலே ஒரு தொகை பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் கணக்கில் திரும்பும், ஆனால் போகிற நேரத்தில் கையை விட்டுப் போகிறது அல்லவா.

நான் கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடையில் எட்டு வருஷம் நின்றவன். அங்கே தமிழ் வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம். கே.எல். சென்ட்ரல் பக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று நம் ஆட்கள் பகுதி. அங்கே ரூம் எடு. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே ஸ்டேஷன் போய்விடலாம், பத்துமலைக்கு அங்கிருந்தே கோமுட்டர் ரயில் நேராகக் கோயில் வாசலில் விடும். கார் பேசினால் செலவு பல மடங்கு. படி 272. வெயில் ஏறுவதற்கு முன்னால் காலை ஏழு மணிக்கே போய்விடு. கீழே நிற்கிற முருகன் சிலை 42.7 மீட்டர், முட்டி வலி இருந்தால் கீழேயிருந்து கும்பிட்டாலும் கண் நிறையப் பார்க்கலாம்.

டிசம்பர் வேண்டாம். நமக்கு அரையாண்டு லீவு, அங்கே பள்ளிக்கூட லீவு, கிறிஸ்துமஸ், புது வருஷம், எல்லாம் ஒன்றாக வந்து விலை ஏறிக் கிடக்கும். பொங்கல் கழித்து வா. தைப்பூசத்தை ஒட்டிய நாலைந்து நாளை மட்டும் தவிர்த்துவிடு, கூட்டத்தில் பையனைக் கையில் பிடிக்க முடியாது. பிள்ளை ரெண்டாங்கிளாஸ்தானே, ஐந்து நாள் லீவு எழுதிக்கொடு.

கெடிலக்கரை

மீரான் பாய் சொன்னதோடு ஒன்று. கோலாலம்பூர் போய், பஸ்ஸில் சிங்கப்பூர் போய், மறுபடி பஸ்ஸில் கோலாலம்பூர் திரும்பாதே. சிங்கப்பூரில் இறங்கு, கோலாலம்பூரிலிருந்து கிளம்பு. மலிவு விலை ஏர்லைன்கள் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகத்தான் விலை போடுகின்றன, அதனால் இப்படிப் போட்டாலும் கூடுதல் இல்லை. எல்லையை ஒரே தடவை தாண்டினால் போதும். எல்லையில் இரண்டு தடவை பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும், சிங்கப்பூர் வெளியேற ஒன்று, மலேசியா நுழைய ஒன்று. மலேசியப் பக்கம் பெட்டி படுக்கையோடு இறங்கி ஸ்கேனரில் போட வேண்டும். முதியவர்களுக்கு அது ஒரு தடவையே போதும். இறங்கும்போது பஸ் நம்பரை போனில் படம் எடுத்து வை, ஒரே நிறத்தில் பத்து பஸ் நிற்கும்.

விசா. மலேசியாவுக்கு நமக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா வேண்டாம், இது 2026 டிசம்பர் 31 வரை. ஆனால் திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், கைச்செலவுக்குப் பணம் மூன்றும் கேட்டால் காட்ட வேண்டும். போவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை ஆன்லைனில் போட வேண்டும். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம், கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், கிடைக்காவிட்டாலும் திரும்பாது. சிங்கப்பூர் குடிமகனோ நிரந்தரவாசியோ சொந்தத்தில் இருந்தால் அவர்களே அங்கிருந்து ஆன்லைனில் போடலாம். உன் தம்பி ஒர்க் பெர்மிட் என்பதால் அது நடக்காது, இங்கே அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான். ஏஜென்ட் தன் கூலியை எவ்வளவு மேலே வைக்கிறார் என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார். சிங்கப்பூருக்கும் வருகை அட்டை உண்டு, அதே மூன்று நாள் கணக்கு.

இந்த அட்டைகள் இரண்டும் இலவசம். இலவசம் என்பதை இன்னொரு தடவை சொல்கிறேன். தேடினால் முதலில் வருவது காசு வாங்குகிற இடைத்தரகர் தளம். சிங்கப்பூருடையது ஜிஓவி டாட் எஸ்ஜி, மலேசியாவுடையது ஜிஓவி டாட் எம்ஒய். எங்கள் தெருவில் ஒருவர் நாலு பேருக்கும் சேர்த்து ஆறாயிரம் கட்டிவிட்டு வந்து நின்றார்.

நெல்லிக்குப்பம்_ராஜா

சிங்கப்பூரில் ரூம் வாடகை கொள்ளை. எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கிற ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு தினமும் பாலம் தாண்டிப் போய் வரலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பாதிக்குப் பாதி மிச்சம்.

முதுநகர்_மீரான்

இளவட்டம் நீ போகலாம். 58 வயசு அம்மாவையும் வயசான மாமனாரையும் தினமும் அந்த வரிசையில் நிற்க வைக்காதே மா. வெள்ளி, சனி என்றால் மணிக்கணக்கு. அதுவுமில்லாமல் ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு பக்கமும் புது அட்டை, விசாவில் எத்தனை தடவை நுழையலாம் என்று வேறு பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் நாலு நாள் என்று நினைத்திருந்தால் மூன்றாகக் குறை, மலேசியாவில் கூட இரு. ரூம் செலவு தானாக இறங்கும்.

மஞ்சக்குப்பம்_செல்வி

மூன்று நாள்தான் என்று முடிவு செய்துவிட்டோம். தம்பிக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு, அந்த ஞாயிறு நடுவில் வருகிற மாதிரி பார்க்கிறேன்.

பணம் எப்படிக் கொண்டுபோவது? கையில் ரொக்கமாகவா, கார்டிலா? நாங்கள் இதுவரை ஏடிஎம் கார்டை இங்கே மட்டும்தான் தேய்த்திருக்கிறோம்.

கெடிலக்கரை

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வருகின்றன. வங்கி ஆப்பில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, ஒரு நாள் உச்சவரம்பும் வை. திரும்பி வந்ததும் மூடிவிடு. பெரும்பாலான கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம் வரை கூடுதல், அதன் மேல் ஜிஎஸ்டி. உன் கார்டுக்கு எவ்வளவு என்று வங்கியில் கேள்.

கடையில் கார்டைப் போட்டதும் மிஷின் கேட்கும், இந்திய ரூபாயிலா, ரிங்கிட்டிலா என்று. ரூபாய் என்று பார்த்ததும் நம் கை தானாக அங்கே போகும். அழுத்தாதே. ரூபாயில் போட்டால் அந்த மிஷின்காரன் வைத்த விலையில் மாறும், அதில் அவன் லாபம் இருக்கிறது. எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்து.

ரொக்கத்தை ஏர்போர்ட்டில் மாற்றாதே. புதுச்சேரியில் மிஷன் வீதி, நேரு வீதிப் பக்கம் உரிமம் உள்ள இடங்களில் இரண்டு மூன்றில் விலை கேட்டு மாற்று. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கேட்பார்கள். ரூபாய் ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்கமாட்டார்கள், வங்கி வழியாகக் கட்ட வேண்டும். ரசீது இல்லாமல் யாரும் நல்ல விலை சொன்னால் பக்கத்தில் போகாதே. நம் ரூபாய் நோட்டு தலைக்கு 25,000 வரை எடுத்துப் போகலாம், திரும்பி வந்து பஸ்ஸுக்கு வேண்டுமே.

இன்னொன்று, கார்டுக்கு ஓடிபி கேட்டால் அது நம் ஊர் சிம்முக்குத்தான் வரும். அங்கே போய் வேறு சிம் போட்டாலும் இந்த சிம்மைக் கழற்றாதே. ரோமிங்கைக் கிளம்புமுன்னே திறந்து வை.

சொல்தா_பேத்தி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஏப்ரலில் பாரிஸ் போகிறோம், என் பெரியம்மா வீட்டுக்கு. புதுச்சேரிக்காரர்கள் நிறைய பேர் இதே மாதிரி போவதால் எழுதிவைக்கிறேன்.

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. அதனால் எங்களுக்கு விசா சுலபம் என்று வெளியில் நினைக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் எல்லோரையும் போல ஷெங்கன் விசாதான். 2024 ஜூன் 11 முதல் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயசுப் பிள்ளைகளுக்கு 45. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர்கள் தங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில் போய் வரவேற்புச் சான்று எடுத்து, அந்த அசல் தாளைத் தபாலில் அனுப்ப வேண்டும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது. பெரியம்மா அனுப்பின முதல் சான்றில் என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. திருப்பி அனுப்பி, மறுபடி வாங்கி, ஐந்து வாரம் போய்விட்டது. பெயர் விஷயத்தில் கெடிலக்கரை அண்ணா அழுத்திச் சொல்வது அதனால்தான்.

லண்டன் வழியாக மலிவாக டிக்கெட் பார்த்தோம். நல்லவேளை போடவில்லை. பிரிட்டனில் விமானம் மாறவே இந்தியர்களுக்குத் தனி ட்ரான்சிட் விசா வேண்டும். அதைச் சேர்த்தால் மலிவு போய்விடும்.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பது அடுத்த சண்டை. பெரியம்மா கேட்டது கறிவேப்பிலை, முருங்கைக்காய், நெய், கருவாடு. ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருளும் தனிநபர் கொண்டுபோகக் கூடாது, அதனால் நெய் இல்லை. காய், பழம், இலை எதுவாக இருந்தாலும் தாவரச் சான்று கேட்பார்கள், வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியான் மட்டும் விலக்கு. எனவே கறிவேப்பிலையும் முருங்கையும் இல்லை. கருவாடு மட்டும் போகலாம், மீன் வகை 20 கிலோ வரை அனுமதி. வஞ்சிரம் கருவாட்டை மூன்று உறை போட்டுக் கட்டச் சொல்லி முதுநகரில் சொல்லிவைத்திருக்கிறேன்.

முதுநகர்_மீரான்

நல்லதாகச் சொன்னாய் மா. செல்வி, உனக்கும் இதே மாதிரி இரண்டு. குருமாவுக்கு என்று கசகசா எடுத்துப் போகாதே. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. மாமனார் வெற்றிலை போடுவாரா? போட்டால் புகையிலையைக் கடலூரிலேயே விட்டுவிடச் சொல். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. சிகரெட்டுக்கும் சலுகை கிடையாது, ஒன்று இருந்தாலும் வரி. சூயிங்கம் பையனின் பையில் இருக்கிறதா பார்.

பண்ருட்டி முந்திரி தாராளமாகக் கொண்டு போ. உன் தம்பி கூட இருக்கிறவர்களுக்கும் சேர்த்து.

லாஸ்பேட்டை_வாத்தியார்

மருந்து பற்றி யாரும் சொல்லவில்லை. அட்டையைப் பிரித்து டப்பாவில் போடாதீர்கள். அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பெட்டி தொலைந்தாலும் மாத்திரை தொலையக் கூடாது. பவர் பேங்க்கும் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் எடுக்கச் சொல்வார்கள். காப்பீடு எடுக்கும்போது மாமனாருக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடும் என்று மறைத்துவிட்டு, அங்கே மருத்துவமனையில் படுத்த பிறகு நிராகரிப்புக் கடிதம் வாங்கிய என் நண்பருக்கு வீட்டை அடகு வைக்கும் நிலை வந்தது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம்_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன். விண்ணப்பித்த நாலு பாஸ்போர்ட்டும் வந்துவிட்டன. அம்மாவுடையதுதான் கடைசி. வோட்டர் கார்டு திருத்தி வர ஏழு வாரம் ஆனது. விண்ணப்பத்தில் படிக்காதவர்களுக்கு ஈசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்கிற முத்திரை விழும் என்று பயந்தேன். 50 வயசு தாண்டினால் அது இல்லை என்று அங்கே சொன்னார்கள். சுற்றிப்பார்க்கப் போவதற்கு அது தடையும் இல்லையாம், வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான்.

தபால்காரர் கொடுத்ததும் அம்மா உறையைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். சாயங்காலம் நான் வந்த பிறகுதான் பிரித்தோம். எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டச் சொன்னார்கள். அஞ்சலை, பிறகு அப்பா பெயர். "சரியா இருக்கா" என்று மூன்று தடவை கேட்டார்கள். சரியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் டிக்கெட் போட்டோம். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் தட்ட, நான் எழுத்தைச் சொல்ல, இரண்டு மணி நேரம். திருச்சி–சிங்கப்பூர் போக, கோலாலம்பூர்–திருச்சி வர, பொங்கல் கழித்து. ஐந்து பேருக்கும் 56,000. அந்த சேலை விட எட்டாயிரம் கூட. ஆனால் எதுவும் வீணாகவில்லை. இதில் கைப்பை ஏழு கிலோ மட்டும்தான். பெட்டிக்கு மூன்று பேருக்கு மட்டும் முன்கூட்டியே கட்டினோம். கவுண்டரில் போய்க் கட்டினால் இன்னும் அதிகம்.

சென்னையையும் பார்த்தோம். டிக்கெட் கொஞ்சம் குறைவு, ஆனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி மறுபடி வண்டி மாறி, ராத்திரியில் பெரியவர்களோடு முடியாது. இங்கிருந்து விருத்தாசலம், பெரம்பலூர் வழியாக ஒரே வண்டியில் திருச்சி போய்விடுகிறோம்.

கெடிலக்கரை

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. சிங்கப்பூர் விசா வந்ததும் அதிலுள்ள பெயர், பாஸ்போர்ட் நம்பர் இரண்டையும் ஒரு தடவை சரிபார். தாளில் பிரிண்ட் எடுத்துக்கொள், போன் சார்ஜ் போனால் என்ன செய்வாய். அங்கே கரண்ட் பிளக் மூன்று சதுர முள், நம்முடையது நுழையாது. நேரு வீதியில் நூற்றைம்பது ரூபாய்க்கு அடாப்டர் கிடைக்கும்.

மஞ்சக்குப்பம்_செல்வி

போய்விட்டு வந்துவிட்டோம். முந்தாநாள்தான் இறங்கினோம், அதற்குள் எழுதுகிறேன்.

மொத்தச் செலவு இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம், பாஸ்போர்ட் செலவு உட்பட. திருச்சி கவுண்டரில் என் புதுப் பாஸ்போர்ட்டை அந்தப் பெண் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, வாத்தியார் ஐயா எழுதினது அப்படியே கண் முன்னால் வந்தது. அவர் சும்மா பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.

கோலாலம்பூரில் ஒரு தடவை மிஷினில் ரூபாயை அழுத்தப் போனார் வீட்டுக்காரர், பையன் கையைப் பிடித்துத் தடுத்தான். நாங்கள் இரவில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறான். பத்துமலையில் மாமனார் 272 படியும் ஏறினார். அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை தம்பி தங்குகிற விடுதி வாசல் வரைக்கும் கூட்டிப்போனான். உள்ளே போக முடியாது. அம்மா வாசலில் நின்று, எந்த மாடி, எந்த ஜன்னல் என்று கேட்டார்கள். அவன் காட்டினான். ரொம்ப நேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முந்திரிப் பையை அவன் கையில் கொடுத்து, கூட இருக்கிற பசங்களுக்கும் கொடு என்றார்கள்.

முதுநகர்_மீரான்

மாமனார் புகையிலையை விட்டுவிட்டுப் போனாரா மா?

மஞ்சக்குப்பம்_செல்வி

போனார் பாய். வீட்டு நிலைப்படி மேலே வைத்துவிட்டுப் போனார். வந்து இரண்டு நாள் ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை.